உடற்பயிற்சி நிலையங்களில் சேர்தலும் விலகுதலும்: கியூபெக் சட்டம் தரும் பாதுகாப்பு

மொன்றியலின் குளிர்காலம் நீளமானது. பனியும் வழுக்கலும் மிகுந்த மாதங்களில் வெளியே நடப்பதற்கே பலர் தயங்குகின்றனர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்காக உடற்பயிற்சி செய்யுமாறு மருத்துவர் அறிவுறுத்திய பின், அருகிலுள்ள உடற்பயிற்சி நிலையத்தில் பெயர் பதிந்து கொள்வோர் தமிழ்க் குடும்பங்களிலும் உள்ளனர். பிள்ளைகளைக் கராத்தே, நீச்சல், உதைபந்தாட்டம், நடனம் ஆகிய வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோரும் பலர். இவர்களுள் பெரும்பாலானோர் பயனும் மகிழ்ச்சியும் அடைகின்றனர். ஏமாற்றம் அடைவோரின் குறைகளோ ஏறத்தாழ ஒரே வகையைச் சேர்ந்தவை. போவதை நிறுத்திய பின்னரும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்படுகிறது. விலக விரும்புவோரிடம் முழு ஆண்டுக்கான கட்டணம் கேட்கப்படுகிறது. சேரும்போது வாயால் சொல்லப்பட்ட சலுகை பின்னர் மறுக்கப்படுகிறது.

இக்குறைகள் பயிற்சிக் கருவிகளைப் பற்றியவையல்ல. கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பற்றியவை. கியூபெக் மாகாணத்தில் 1978 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உடற்பயிற்சி நிலையங்களுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுள்ளது. வாடிக்கையாளருக்கு அது தரும் பாதுகாப்பு வலுவானது. ஆனால் அதன் முக்கியமான பகுதி குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும். எழுத்து மூலம் அறிவித்தவருக்கே அது கிடைக்கும்.

செல்லாத நாள்களுக்கும் செலுத்தும் பணம்

ஒருவர் சேரும் நாளில் தாம் வாரத்துக்கு மூன்று முறையேனும் செல்வார் என்றே நம்புகிறார். இந்த நம்பிக்கையை இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மல்மெண்டியர் ஆகியோர் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த ஆய்வு, ஐக்கிய அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சி நிலையங்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. மாதம் 70 டொலருக்கு மேல் செலுத்தும் ஒப்பந்தத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறை மட்டுமே சென்றிருந்தனர். ஒரு வருகைக்கு 17 டொலருக்கு மேல் செலவாயிற்று. அதே நிலையங்களில் பத்து வருகைகளுக்கான அனுமதிச்சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டொலரே ஆகியிருக்கும். மேலும், கடைசியாகச் சென்ற நாளுக்கும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்திருந்தன.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் எளியது. நெடுங்கால ஒப்பந்தம் மலிவானதாகத் தோன்றினும், அது தவறாமல் செல்வோருக்கே மலிவு. முதன்முறையாக உடற்பயிற்சி தொடங்குவோர் ஒரு நாள் அனுமதியையோ பத்து வருகைச் சீட்டையோ ஒரு மாத ஒப்பந்தத்தையோ முதலில் கேட்டுப் பார்ப்பது நன்று. தம் வழக்கம் எதுவென்று தெரிந்த பின் ஆண்டு ஒப்பந்தத்தில் சேரலாம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

உடற்பயிற்சி நிலையம் நடத்தும் வணிகர் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திடம் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அதன் இலக்கம் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும். இரு தரப்பினரின் பெயரும் முகவரியும், கையொப்பமிட்ட இடமும் நாளும், சேவை தொடங்கும் நாள், ஒப்பந்தக் காலம், சேவை வழங்கப்படும் முகவரி, செலுத்த வேண்டிய மொத்தத் தொகை, தவணை முறை ஆகியன அதில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்கான படிவமும் உடன் இணைக்கப்பட வேண்டும். இப்படிவத்தைத் தேவையற்ற தாள் என்று எறிந்துவிடலாகாது.

கீழ்வரும் விதிகளையும் அறிந்திருத்தல் பயன் தரும்:

• ஒப்பந்தக் காலம் ஓராண்டை விஞ்சக்கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு அல்லது வாழ்நாள் முழுமைக்கும் எனச் சொல்லி உடற்பயிற்சி நிலையம் ஒப்பந்தம் செய்ய இயலாது.

• சேவை தொடங்குவதற்கு முன் நிலையம் பணம் பெறலாகாது.

• முழுத்தொகையையும் ஒரே தடவையில் பெறலாகாது. குறைந்தது இரண்டு, ஏறத்தாழச் சமமான, தவணைகளாகவே பெற வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இரண்டு தவணைகள் எனின், இரண்டாவது தவணை ஆறாம் மாதம் முடிந்த பின்னரே வரும்.

• விளம்பரத்தில் காட்டப்படும் விலையில் பதிவுக் கட்டணம் போன்ற கட்டாயக் கட்டணங்கள் யாவும் அடங்கியிருக்க வேண்டும். மத்திய அரசின் 5 விழுக்காட்டு வரியும் கியூபெக்கின் 9.975 விழுக்காட்டு வரியும் மட்டுமே பின்னர் சேர்க்கப்படலாம்.

• வணிகரோ அவருடைய ஊழியரோ சேவையைப் பற்றிக் கூறும் கூற்று, வாய்மொழியாக இருப்பினும், வணிகரைக் கட்டுப்படுத்தும். எனினும் பிணக்கு ஏற்படும்போது எழுத்தே எளிய சான்று. ஆகவே சொல்லப்பட்ட சலுகையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருமாறு கேட்பது நன்று.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் தேவை. நிலையம் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும் ஒப்பந்தங்களின் பிரெஞ்சு வடிவத்தை முதலில் வழங்க வேண்டும் என்பது 2023 யூன் 1 முதல் நடைமுறையிலுள்ள விதி. அதன் பின்னரே வாடிக்கையாளர் விரும்பினால் ஆங்கில வடிவத்தில் கையொப்பமிடலாம். இரு வடிவங்களுக்கும் இடையே வேறுபாடு இருப்பின் நுகர்வோருக்குச் சாதகமான பொருளே கொள்ளப்படும். பிரெஞ்சு மொழி நன்கு தெரியாதவர், கருமபீடத்தில் நின்றபடியே கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை. தாளை வீட்டுக்குக் கொண்டு சென்று, பிரெஞ்சுப் பள்ளியில் பயிலும் பிள்ளையிடமோ உறவினரிடமோ காட்டி, பொருள் விளங்கிய பின் கையொப்பமிடலாம்.

பத்தில் ஒரு பங்குக் காலம்

சட்டம் தரும் பாதுகாப்புகளுள் மிகவும் பயனுள்ளதும் பலர் அறியாததும் இதுவே. சேவை தொடங்குமுன் எவ்விதக் கட்டணமும் தண்டமும் இன்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். சேவை தொடங்கிய பின்னரும், ஒப்பந்தக் காலத்தின் பத்தில் ஒரு பங்கு முடியும் வரை, காரணம் எதுவும் கூறாமல் விலகலாம். அப்போது நிலையம் மொத்தத் தொகையின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெற முடியாது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் வரி நீங்கலாக 600 டொலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் செய்துள்ளார் எனக் கொள்வோம். 365 நாள்களின் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 36 நாள்கள். யனவரி 5 ஆம் நாள் சேவை தொடங்கினால், பெப்ரவரி 9 ஆம் நாளுக்குள் அவர் அறிவித்தல் அனுப்புவது பாதுகாப்பானது. அவ்வாறு அனுப்பினால் அவரிடமிருந்து பெறக்கூடிய உச்சத் தொகை 60 டொலர். ஆறு மாத ஒப்பந்தமெனின் இக்காலம் ஏறத்தாழ 18 நாள்களே.

இக்காலம் நாட்காட்டியின்படி செல்வது, வருகையின்படி செல்வதன்று. சேவை தொடங்கிய பின் ஒரு தடவையேனும் போகாதவருக்கும் அது கழிந்துகொண்டே இருக்கும். எனவே கையொப்பமிட்ட அன்றே இறுதி நாளைக் கணக்கிட்டு வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது சிறந்த முற்காப்பாகும். அக்காலம் கடந்த பின் இந்தச் சிறப்பு உரிமை இல்லை. நோய், இடமாற்றம் போன்ற காரணங்களுக்காக விலகவோ இடைநிறுத்தவோ ஒப்பந்தத்திலேயே விதி உள்ளதா என அப்போது பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே கையொப்பமிடுமுன்பே அதைக் கேட்டறிவது நன்று.

நடனம், கராத்தே போன்ற வகுப்புகள்

தனியார் வணிக நிறுவனங்கள் நடத்தும் நடனம், தற்காப்புக் கலை போன்ற வகுப்புகளுக்கு விதி வேறு. இவற்றில் ஒப்பந்தக் காலத்தின் எந்த நாளிலும் விலகலாம். வகுப்புகள் தொடங்குமுன் விலகினால் கட்டணம் இல்லை. தொடங்கிய பின் விலகினால், நடந்து முடிந்த வகுப்புகளுக்கான தொகையையும், அதனுடன் 50 டொலர் அல்லது எஞ்சிய வகுப்புகளின் விலையில் 10 விழுக்காடு ஆகிய இரண்டில் குறைந்ததையும் மட்டுமே செலுத்த வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு 20 டொலர் வீதம் 40 வகுப்புகள், மொத்தம் 800 டொலர் எனக் கொள்வோம். நான்கு வகுப்புகள் முடிந்த பின் விலகினால் நடந்த வகுப்புகளுக்கு 80 டொலர். எஞ்சிய 720 டொலரின் 10 விழுக்காடு 72 டொலர். அது 50ஐ விட மிகுதி. எனவே 50 டொலரே தண்டம். ஆக மொத்தம் 130 டொலரும் வரியும்.

விலகும் முறை

கருமபீடத்தில் வாயால் சொல்வதும், தொலைபேசியில் அறிவிப்பதும், வங்கியில் பணம் கழிப்பதை மட்டும் நிறுத்துவதும் போதியவை அல்ல. வங்கிக் கொடுப்பனவை நிறுத்தினாலும் ஒப்பந்தம் உயிருடனேயே இருக்கும். கடன் அறவிடும் நிறுவனத்திடமிருந்து கடிதம் வரக்கூடும்.

இணைக்கப்பட்ட படிவத்தை நிரப்பியோ, அதே பொருளில் ஒரு கடிதம் எழுதியோ அனுப்ப வேண்டும். அனுப்பிய கணமே ஒப்பந்தம் முடிவுறுகிறது. நிலையத்தின் இசைவு தேவையில்லை. எனவே அனுப்பிய நாளுக்குச் சான்று வேண்டும். பதிவுத் தபால் சிறந்தது. நேரில் கொடுத்தால் பிரதியொன்றில் நாளும் கையொப்பமும் பெற்றுக்கொள்ள வேண்டும். திருப்பித் தர வேண்டிய பணத்தை நிலையம் 10 நாள்களுக்குள் தந்துவிட வேண்டும்.

காயமும் பொறுப்பும்

காயம் ஏற்பட்டால் நிலையம் பொறுப்பல்ல என்று அச்சிடப்பட்ட வாசகம் பல இடங்களில் காணப்படும். கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1474 ஆம் உறுப்பின்படி, பிறருக்கு விளைவித்த உடற்காயத்துக்கான பொறுப்பை எவரும் முன்கூட்டியே விலக்கிக்கொள்ள முடியாது. பழுதடைந்த கருவியாலோ ஊழியரின் கவனமின்மையாலோ காயமுற்றவர், அந்த வாசகத்தைக் கண்டு தம் உரிமையைக் கைவிட வேண்டியதில்லை. விளையாட்டுக்கே இயல்பான ஆபத்துகள் வேறு. அவை எல்லாவற்றுக்கும் நிலையத்தைக் குற்றம் சாட்ட இயலாது.

மாநகரசபை நிலையங்களும் கழகங்களும்

மேற்கூறிய ஒப்பந்த விதிகளில் மாநகரசபை வணிகராகக் கருதப்படுவதில்லை. இலாப நோக்கற்ற கழகங்கள் பெரும்பாலும் தமக்கென வகுத்த விதிகளின்படியே பணத்தைத் திருப்பித் தருகின்றன. பிள்ளைகளின் உதைபந்தாட்டக் கழகத்திலோ ஊர்ச் சங்கத்தின் விளையாட்டுப் பிரிவிலோ சேர்வோர், பணம் திருப்பித் தரும் விதியையும் அதற்கான இறுதி நாளையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

செலவைக் குறைக்க விரும்புவோருக்கு நகரின் பொது நிலையங்கள் நல்ல தொடக்கமாகும். கோத்-தே-நேஜ் விளையாட்டு மையம், பார்க் எக்ஸ்டென்ஷனின் வில்லியம் ஹிங்ஸ்டன் கட்டடம், 1976 ஒலிம்பிக் காலத்தில் எழுந்த குளோட் ரொபியார் விளையாட்டு வளாகம் ஆகியன அவற்றுள் சில. பல நகர நீச்சல் தடாகங்களில் பொது நீச்சல் நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகரின் 19 வட்டாரங்களில் நடைபெறும் வகுப்புகளைப் பற்றி 311 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம். மகளிருக்கு மட்டுமான நேரம், முதியோருக்கான மென்பயிற்சி ஆகியன உள்ளனவா என்பதையும் அப்போதே கேட்கலாம்.

தீர்வு கிடைக்காவிடின்

முதலில் நிலைய முகாமையாளருக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பயனில்லையெனின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தை 1 888 672-2556 என்ற கட்டணமற்ற இலக்கத்தில் அழைக்கலாம். சேருமுன்பே அதன் இணையத்தளத்தில் ஒரு வணிகருக்கு அனுமதிப்பத்திரம் உள்ளதா, அவர்மீது முறைப்பாடுகள் உள்ளனவா என்பதையும் பார்க்கலாம். அலுவலகம் தகவல் தரும், முறைப்பாட்டை ஏற்கும். ஆயினும் அது நீதிமன்றம் அன்று. பணத்தைத் திரும்பப் பெற, முறையான எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய பின், கியூபெக் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் பிரிவை நாடலாம். அங்கே 15,000 டொலர் வரையிலான கோரிக்கைகள் விசாரிக்கப்படுகின்றன. வழக்கறிஞர் இன்றி ஒருவர் தாமே வழக்கை எடுத்துரைக்கிறார்.

அங்கும் முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தமும் அனுப்பிய கடிதமும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகளுமே. சேர்ந்த நாள் முதல் இம்மூன்றையும் ஒரே உறையில் இட்டுப் பாதுகாப்பவர், விலகும் நாளில் எவரிடமும் கெஞ்ச வேண்டியிராது.