அமைவிடமும் அந்நிய முதலீடும்

வணிகன் ஒருவன் தன் பொருளைப் பிறிதொரு நாட்டிற் கொண்டுசென்று இடுவது எதனைக் கருதி? அந்நாட்டின் மீதுள்ள அன்பினாலன்று, அறஞ்செய்யும் நோக்கத்தினாலுமன்று. இட்ட பொருள் குறையாது மீளவேண்டும், மீளுங்கால் வளர்ந்து மீளவேண்டும் என்பதே அவன் எண்ணம். ஆகவே, முதலிடுமுன் அவன் மூன்று வினாக்களை எழுப்புகின்றான். இந்நாடு உலக வழிகளில் எங்கே இருக்கின்றது? பொருளை உள்ளே கொணரவும் வெளியே அனுப்பவும் இங்கு என்ன வசதிகள் உள? இன்றுள்ள நிலை நாளையும் நிற்குமா? முதல் வினா அமைவிடத்தைப் பற்றியது. இரண்டாவது உட்கட்டமைப்பைப் பற்றியது. மூன்றாவது ஆட்சியையும் அமைதியையும் பற்றியது. இம்மூன்றும் எங்ஙனம் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதை எமது நாட்டின் சான்றுகளைக் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

இலங்கையின் அமைவிடம் பெருமைக்குரியது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அப்பெருமையின் காரணத்தை ஆராய்வோர் சிலரே. ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் சீனா, ஜப்பான் முதலிய கிழக்கு நாடுகளோடு இணைக்கும் கப்பல் வழி எமது தீவின் தென்முனைக்கு மிக அணித்தாகச் செல்கின்றது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் அதனூடே செல்லல் இயலாது. எனவே, கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் செல்லும் மரக்கலம் யாவும் தீவைச் சுற்றியே செல்லவேண்டியனவாகின்றன. ஒரு பெருங்கப்பலை ஒருநாள் கடலில் நடத்துவதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. வழியினின்று விலகி நெடுந்தூரம் செல்லாமலே பொருளை இறக்கவும் ஏற்றவும் இயலுமாயின், அந்த ஒருநாள் மீதமாகும். அமைவிடத்தின் விலை என்பது இந்த மீதமேயன்றி வேறன்று.

ஆயினும் அமைவிடம் மட்டும் போதியதாயின், இலங்கையிற் செல்வம் கொழிக்கவேண்டிய நகரம் திருகோணமலையேயாம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அது. ஆழமும் அகலமும் காற்றடங்கிய அமைதியும் அங்கே இயற்கையாகவே அமைந்துள்ளன. கொழும்பிலோ அத்தகைய இயற்கைத் துறை எதுவுமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் அலை நேரே வந்து மோதும் திறந்த கரையே அங்கிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தபாற் கப்பல்கள் காலியையே நாடின. அங்ஙனமிருக்கக் கொழும்பு முதலிடம் பெற்றது எவ்வாறு?

விடை அலைதடுப்பு அணையிலும் இருப்புப்பாதையிலும் உளது. 1867ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. மலைநாட்டுக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் அவ்வழியே கொழும்பை அடைந்தன. 1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியது. அதன்பின் காலியை நாடிய கப்பல்கள் கொழும்புக்கு மாறின. மறுபுறம், திருகோணமலைக்கு இருப்புப்பாதை வந்தது 1927இலும், மட்டக்களப்புக்கு வந்தது 1928இலுமேயாம். அறுபது ஆண்டு முந்திய வழி, வணிகத்தையும் வங்கியையும் கைத்தொழிலையும் மேற்குக் கரையில் நிலைபெறச் செய்துவிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இன்றும் மேல் மாகாணம் ஒன்றிலேயே விளைகின்றது. இயற்கை கொடுத்ததை மனிதன் செய்தது வென்றது என்பதே இதன் பொருள்.

அந்நிய முதலீட்டின் வரலாறும் இவ்வழியையே பின்பற்றியது. 1978இற் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டு, கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது. வலயத்துக்கு அவ்விடத்தைத் தெரிந்ததன் காரணம் தெளிவு. ஒருபுறம் விமான நிலையம். மறுபுறம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தூரத்திற் கொழும்புத் துறைமுகம். ஆடை தைப்பவனுக்குத் துணியும் நூலும் பொத்தானும் வெளிநாட்டினின்று வரவேண்டும்; தைத்த ஆடை குறித்த நாளிற் கப்பலேறவேண்டும். ஒரு வாரம் பிந்தினால் அவ்வாடைக்கு உரிய பருவம் கடந்துவிடும். வாங்குவோன் வேறிடம் நாடுவான். வரிச்சலுகை அவனை வரவழைத்திருக்கலாம். அவனை நிலைத்திருக்கச் செய்தவை வழியும் மின்சாரமும் துறைமுகமுமேயாம்.

துறைமுகமே முதலீட்டுக்குரிய பொருளாதலும் உண்டு. 1999 முதற் கொழும்பிற் கொள்கலன் முனையங்களைத் தனியார் நடத்தும் முறை வந்தது. 2013இற் சீன நிறுவனம் ஒன்றின் பெரும்பங்கோடு, பதினெட்டு மீற்றர் ஆழமுடைய முனையம் இயங்கத் தொடங்கியது. 2025இல் இந்திய நிறுவனம் ஒன்றின் பெரும்பங்கோடு மேற்கு முனையமும் திறக்கப்பட்டது. 2018இல் இத்துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், இருபதடி அளவிற் கணக்கிட, எழுபது இலட்சத்தைக் கடந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இலங்கைக்கு உரியனவல்ல. ஒரு கப்பலினின்று இறக்கி மற்றொன்றில் ஏற்றி, இந்தியா முதலிய நாடுகளுக்கு அனுப்பப்படுவன. அயலான் வீட்டுப் பொருள் எம் வாயிலிற் கைமாறுவதே எமது ஊதியமாயிற்று.

ஆயின், இவ்வூதியம் என்றும் நிலைக்கும் என்று கொள்ளலாகாது. கேரளத்தின் விழிஞம் என்னுமிடத்தில் இந்தியா அமைத்த ஆழ்கடற்றுறைமுகம் 2025இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதுவும் அதே கப்பல் வழிக்கு அணித்தாக உளது, இயற்கையாகவே ஆழமுடையது. அமைவிடம் என்பது நிலைத்த சொத்தன்று; அயலவன் ஒரு துறைமுகம் கட்டிய அளவில் அதன் மதிப்பு மாறிவிடும்.

உட்கட்டமைப்பும் தன்னளவிற் போதியதன்று என்பதற்கு அம்பாந்தோட்டை சான்று. 2010இல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் வழி அதன் வாயிலிற் செல்லினும், பின்னிலத்தில் ஏற்றுதற்குரிய கைத்தொழிலோ, உண்ணுதற்குரிய பெருஞ்சந்தையோ இல்லை. கடன்பட்டுக் கட்டிய துறைமுகம் 2017இற் சீன நிறுவனம் ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகையில் ஏறத்தாழ 112 கோடி அமெரிக்க டொலருக்கு விடப்பட்டது. 2013இல் அதற்கு அண்மையிலே திறக்கப்பட்ட மத்தள விமான நிலையமும் போதிய விமானங்களைக் காணவில்லை. வழி இருப்பதனால் மட்டும் வணிகம் வருவதில்லை. வணிகத்துக்குக் காரணம் உள்ளவிடத்து வழி அமைந்தாலே அது பெருகும்.

இனி எமது கீழ்த்திசைக்கு வருவாம். திருகோணமலைக் குடாவிற் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் அமைத்த மாவாலை 1980 முதல் இயங்குகின்றது. ஜப்பானியரின் கூட்டுறவோடு எழுந்த தோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் 1980களிலிருந்தே அங்கு உளது. கோதுமையும், சீமெந்தாக அரைக்கப்படும் கிளிங்கரும் விலையிற் குறைந்தவை, நிறையில் மிகுந்தவை. அத்தகைய பொருளைப் பெருங்கப்பலில் மொத்தமாகக் கொணர்ந்து, ஆலையின் வாயிலிலே இறக்கினாலன்றி இலாபம் இல்லை. ஆழமான துறை இருந்தமையால் அவை வந்தன. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்திலும் அவை அவ்விடம் விட்டு அகலவில்லை. ஆனால், அவற்றைத் தொடர்ந்து வரவேண்டிய ஏனைய ஆலைகள் வரவில்லை. முன்னரே வேரூன்றியவன் துன்பத்தைப் பொறுத்தான். புதியவன் வர அஞ்சினான். 1930களில் ஆங்கிலேயர் சீனக்குடாவில் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் தொண்ணூற்றொன்பது இன்றும் நிற்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவது பற்றி இந்தியாவோடு விரிவான உடன்பாடு ஏற்பட்டது 2022 சனவரியிலேயாகும்.

மட்டக்களப்பின் நிலை இதனின் வேறு. எமது வாவி நீண்டது, அழகியது; ஆயினும் பெருங்கப்பலுக்குரிய துறையன்று. கடலோடு அது கலக்குமிடத்தை மணற்றிட்டு அடைத்துக்கொள்ளும். ஒல்லாந்தர் 1602இல் இக்கரைக்கு வந்தது தொட்டு இக்குறை யாவரும் அறிந்ததே. எனவே, கொழும்பைப் போலவோ திருகோணமலையைப் போலவோ ஆகவேண்டும் என்று விழைவது வீண். வாவி எமக்கு அளிப்பது துறைமுகத்தையன்று. மீனையும் நெல்வயலையும் பயணிகள் நாடும் எழிலையுமேயாம். இப்பொருள்கள் விரைவிற் கெடுவன. ஆதலால் விரைந்த வழியே அவற்றின் உயிர்.

அவ்வழி எமக்குக் கிடைத்த வரலாற்றைக் கல்லடிப் பாலம் ஒன்றே கூறும். 1924இல் திறக்கப்பட்டு, தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயர் பெற்ற பழைய பாலம் வாவியின் இருமருங்கையும் இணைத்தது. அது ஒருவழிப் பாலம். ஒரு திசை வண்டிகள் கடக்கும்வரை மறுதிசை வண்டிகள் காத்துநிற்கும். ஏறத்தாழத் தொண்ணூறாண்டு அந்நிலை நீடித்து, 2013இல் ஜப்பானிய உதவியோடு புதிய பாலம் அமைந்தது. மறு ஆண்டில் மண்முனையிலும் படகுத்துறை நீங்கிப் பாலம் வந்தது. திருகோணமலை செல்லும் வழியிலும் படகுத்துறைகள் இருந்தவிடத்துப் பாலங்கள் எழுந்தன. படகுக்குக் காத்திருந்த நேரம் குறைந்தமையால், திருகோணமலைத் துறைமுகம் எமக்கு அணித்தாயிற்று. துறைமுகத்தை இடம்பெயர்க்க இயலாது. தூரத்தைக் குறைக்க இயலும். மட்டக்களப்பார் கேட்கவேண்டிய உட்கட்டமைப்பு இதுவே: திருகோணமலைக்கு நல்வழி, மீனையும் பாலையும் காக்கும் குளிர்பதன அறைகள், இடையறா மின்சாரம்.

இடையறா மின்சாரம் என்றமைக்குக் காரணம் உண்டு. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. அடுத்த மாதத்தில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அமைவிடம் முந்திய ஆண்டில் இருந்தவாறே இருந்தது. துறைமுகமும் வீதியும் இருந்தவாறே இருந்தன. மாறியது நம்பிக்கை ஒன்றே. திருக்குறளில் நாடு என்னும் அதிகாரம், நீரும் மலையும் அரணும் நாட்டின் உறுப்புக்கள் என்று கூறி, நல்லரசு பொருந்தாவிடின் எல்லா வளமும் பயனற்றவை என முடிதல் ஈண்டு எண்ணத்தக்கது.

இறுதியாக, முதலீடு வருவது மட்டும் எமது நோக்கமாகாது. அது யாருக்குப் பயன் தருகின்றது என்பதே கேள்வி. பாசிக்குடாவிற் போருக்குப்பின் பெருவிடுதிகள் எழுந்தன. அவற்றின் கதவைத் திறந்துவிடும் பணியோடு எம் இளைஞர் நின்றுவிடுவாராயின், கணக்கையும் நிருவாகத்தையும் பிறர் கைக்கொள்வர். ஆண்டுதோறும் எம் ஊர்களினின்று பலர் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் செல்கின்றனர். அவர்தம் உழைப்புக்கு ஊரிலே இடம் தேடுவதே முதலீட்டை வரவேற்பதற்கு நேரிய காரணம். அவ்வாறு வரும் ஆலையும் வாவியில் நஞ்சு கலக்குமாயின், ஆயிரம் பேருக்கு வேலை தந்து, வாவியை நம்பி வாழும் மீனவர் பலரின் தொழிலைக் கெடுக்கும். அத்தகைய முதலீட்டை மறுக்கும் துணிவும் வேண்டும்.

ஆங்கிலமும் கணிதமும் பொறிநுட்பமும் கற்ற தொழிலாளர் கிடைப்பாரா என்று முதலிட வருவோன் முதல் நாளிலேயே வினவுவான். சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த காலத்தில் இவ்வினாவை எவரும் எழுப்பவில்லை. எனினும் அதற்குரிய விடையை அவர் அன்றே அளித்துச் சென்றார். பாலமும் வீதியும் அரசு அமைத்துத்தரற்குரியவை. கல்வியாகிய உட்கட்டமைப்போ, எமது ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் கூடி அமைத்தற்குரியது. அதற்கு எவரிடத்தும் கடன்படவேண்டியதில்லை.