வியூகக் கணினி விளையாட்டைச் சீட்டு விளையாட்டாக மாற்றுதல்

வியூகக் கணினி விளையாட்டைச் சீட்டு விளையாட்டாக மாற்றுதல் என்பது, கணினித் திரையில் ஆடப்படும் ஒரு வியூக விளையாட்டின் இலக்கு, வளங்கள், விதிகள் ஆகியவற்றை, மேசையைச் சுற்றி அமர்ந்து சீட்டுகளைக் கொண்டு ஆடத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவரும் வடிவமைப்புப் பணி ஆகும். கணினி விளையாட்டில் கணக்குகளை இயந்திரமே செய்துவிடுகிறது. சீட்டு விளையாட்டில் அவற்றை ஆடுபவர்களே செய்ய வேண்டும். எனவே எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்னும் தெரிவே இப்பணியின் மையச் சிக்கல் எனலாம்.

பின்னணி

அரசையும் படையையும் சீட்டுகளில் அடக்கும் எண்ணம் இந்தியாவுக்குப் புதியதன்று. முகலாயர் காலத்தில் பரவிய கஞ்சிபா என்னும் சீட்டாட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. 1527 ஆம் ஆண்டில் பாபர் சிந்துவில் இருந்த ஷா உசேனுக்குக் கஞ்சிபாச் சீட்டுகளை அனுப்பிய செய்தி அவரது நினைவுக்குறிப்பில் உள்ளது. அபுல் பாசல் எழுதிய அயினி அக்பரி, 12 வகை, வகைக்கு 12 சீட்டு என 144 சீட்டுகள் கொண்ட ஓர் ஆட்டத்தை விவரிக்கிறது. குதிரைகளின் தலைவன், யானைகளின் தலைவன், காலாட்களின் தலைவன், கோட்டைகளின் தலைவன், கருவூலத்தின் தலைவன், கப்பல்களின் தலைவன் என அதன் வகைகள் அமைந்தன. ஒவ்வொரு வகையிலும் அரசனும் அமைச்சனும் உண்டு.

தென்னிந்தியாவில் மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பல கஞ்சிபா ஆட்டங்களை வகுத்தார். அவற்றுள் மிகப் பெரியது 360 சீட்டுகள் கொண்டது.

இவற்றுக்கு மாறாக, ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் இருபுறமும் அறியப்பட்ட ஆடு புலி ஆட்டத்தில் (கன்னடத்தில் ஆடு ஹுலி ஆட்டா) 3 புலிகளும் 15 ஆடுகளும் இரு ஆட்டக்காரர்களின் கண்ணுக்கும் எப்போதும் தெரியும். மறைவு என்பது பலகையில் இயல்பாக இல்லை, கையில் பிடிக்கும் சீட்டில் இயல்பாக உண்டு. கணினி விளையாட்டைச் சீட்டுக்குக் கொண்டுவருவோர் பயன்படுத்திக்கொள்ளும் முதன்மையான பண்பு இதுவே.

வரலாறு

கணினிக்கும் மேசைக்கும் இடையிலான பயணம் ஒருவழிப் பாதையன்று. பிரித்தானியரான பிரான்சிஸ் டிரஷம் 1980 இல் சிவிலைசேசன் என்னும் பலகை விளையாட்டை வெளியிட்டார். ஒரு கண்டுபிடிப்பு அடுத்ததற்கு வழிதிறக்கும் 'தொழில்நுட்ப மரம்' என்னும் கருத்து அதில் இடம்பெற்றது. 1991 இல் சிட் மையரும் புரூஸ் செல்லியும் அதே பெயரில் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கினர். செல்லி அதற்கு முன் பலகை விளையாட்டு நிறுவனமான அவலான் ஹில்லில் பணியாற்றியவர். பின்னர் ஏஜ் ஆப் எம்பயர்ஸ் (1997) உருவாக்கத்திலும் பங்கேற்றார்.

மையரின் விளையாட்டு மீண்டும் மேசைக்குத் திரும்பியது. அதன் பலகை வடிவங்கள் 2002, 2010, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. 2006 இல் வெளிவந்த தொகுப்பு ஒன்றில், நான்காம் பதிப்பின் வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன் உருவாக்கிய சீட்டு விளையாட்டும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் செக் நாட்டவரான விளாடா ஹ்வாட்டில், மையரின் விளையாட்டால் தூண்டப்பட்டு, நிலப்படமே இல்லாமல் சீட்டுகளால் நாகரிகங்களை வளர்க்கும் துரூ தி ஏஜஸ் விளையாட்டை வெளியிட்டார். 2017 இல் அது கணினிச் செயலியாகவும் மாறியது.

மாற்றும் முறை

எண்களைச் சுருக்குதல்

கணினி நூற்றுக்கணக்கான அலகுகளை எளிதில் கணக்கிடும். மனிதர் சில அலகுகளையே சலிப்பின்றி எண்ணுவர். ஆகவே எண்களைப் பொது வகுத்தியால் சுருக்குவது வழக்கம். இதில் ஓர் இடர் உண்டு.

எடுத்துக்காட்டாக, ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2 (1999) விளையாட்டில் ஒரு வில்வீரனின் விலை 25 மரம், 45 பொன், மொத்தம் 70. ஓர் ஈட்டிவீரனின் விலை 35 உணவு, 25 மரம், மொத்தம் 60. இவற்றை 25 ஆல் வகுத்து முழு எண்ணாக்கினால், வில்வீரன் 1 மரம், 2 பொன், மொத்தம் 3. ஈட்டிவீரன் 1 உணவு, 1 மரம், மொத்தம் 2. முதலில் வில்வீரன் ஈட்டிவீரனைவிட ஆறில் ஒரு பங்கே விலை கூடியவன், சுருக்கிய பின்னரோ ஒன்றரை மடங்கு விலை உடையவன். 5 ஆல் வகுத்தால் 14, 12 எனப் பழைய விகிதம் அப்படியே நிற்கும். ஆயினும் ஒரு வீரனுக்காக 14 வில்லைகளை எண்ண வேண்டிவரும்.

இதனால் வடிவமைப்பாளர் விலையை மட்டும் சுருக்கிவிட்டு நிற்க முடியாது. விலை கூடிய படைக்கு வலிமையையும் கூட்டி, சமநிலையைப் புதிதாக அமைக்க வேண்டும். மூல விளையாட்டில் வில் ஈட்டியை வெல்லும், ஈட்டி குதிரையை வெல்லும், குதிரை வில்லை வெல்லும். இவ்வட்டத்தைக் காப்பது, எண்களை அப்படியே காப்பதைவிட முதன்மையானது.

நேரத்தைச் சுற்றுகளாக்குதல்

மேற்கூறிய விளையாட்டில் ஒரு குடியானவன் உருவாக 25 நொடிகளும் வில்வீரன் உருவாக 35 நொடிகளும் ஆகும். மேசையில் நொடிகளை எண்ண இயலாது. இரண்டையும் 'ஒரு சுற்று' ஆக்கினால் விரைவின் மதிப்பு மறைந்துவிடும். ஒரு சுற்றில் இத்தனை செயல்களே செய்யலாம் என வரம்பிடுவது பொதுவான தீர்வாகும். அப்போது நேரமும் ஒரு வளமாகிறது.

நிலப்படத்தை விடுதல்

சீட்டு விளையாட்டில் பெரும்பாலும் நிலப்படம் இருப்பதில்லை. தொலைவுக்குப் பதிலாக, முன்வரிசை, பின்வரிசை எனச் சீட்டுகளை அடுக்கலாம். அல்லது சில நிலச் சீட்டுகளை நடுவில் வைத்து, அவற்றுக்காகப் போட்டியிடச் செய்யலாம். துரூ தி ஏஜஸ் விளையாட்டில் படைவலிமை ஓர் எண்ணாக ஒப்பிடப்படுகிறது.

மறைவு

கணினித் திரையில் எதிரியின் பகுதி இருண்டிருக்கும். சீட்டில் இதனைக் கவிழ்த்து வைப்பதன் மூலம் பெறலாம். 2007 இல் வெளியான ஸ்டார்கிராப்ட் பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்கள் கட்டளை வில்லைகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். கடைசியாக வைத்ததே முதலில் நிறைவேறும். கணினி எதிரியை முழுமையாக விலக்க முடியாத இடத்தில், 2015 இல் வெளியான எக்ஸ்காம் பலகை விளையாட்டு கைப்பேசிச் செயலியையே துணைக்கு அழைத்தது.

தற்செயல்

கணினி விளையாட்டில் அடிப்படைக் கட்டடங்கள் அனைவருக்கும் எப்போதும் கிடைக்கும். அவற்றைக் குலுக்கிய கட்டில் வைத்தால் நிலைமை மாறும். 40 சீட்டுகளில் 4 சீட்டுகள் படைக்கூடம் எனில், முதல் 5 சீட்டுகளில் குறைந்தது ஒன்றேனும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 43 விழுக்காடு மட்டுமே. பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஒருவர் படைக்கூடம் இன்றியே தொடங்குவார். எனவே அடிப்படைச் சீட்டுகளை மேசையில் திறந்து வைத்து, சிறப்புச் சீட்டுகளை மட்டும் குலுக்குவது நல்லது.

சட்ட நிலை

பொதுவாக ஒரு விளையாட்டின் கருத்துக்கும் ஆடும் முறைக்கும் பதிப்புரிமை இல்லை. விதிகளை எழுதிய சொற்கள், ஓவியங்கள், கதைமாந்தர் ஆகியவற்றுக்கு உண்டு. பெயர், வணிகக் குறியால் காக்கப்படலாம்.

இந்தியாவில் இது குறித்து அறியப்பட்ட வழக்கு, எதிர்த்திசையில் நடந்த ஒரு தழுவல் பற்றியது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் ஸ்கிராபிள் பலகை விளையாட்டைப் போன்ற ஸ்கிராபுலஸ் என்னும் இணைய விளையாட்டை உருவாக்கினர். மேட்டல் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. 2008 செப்டம்பரில் நீதிமன்றம், பதிப்புரிமை அடிப்படையில் தடை விதிக்க மறுத்தது, ஆயினும் ஸ்கிராபிளை ஒத்த பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. விளையாட்டு லெக்சுலஸ் என்னும் பெயரில் தொடர்ந்தது. வீட்டில் தழுவி ஆடுவோருக்குச் சிக்கல் எழுவது அரிது. விற்க விரும்புவோர் புதிய பெயர், புதிய ஓவியம், தம் சொற்களில் எழுதிய விதிகள் ஆகியவற்றுடன் தொடங்க வேண்டும் என்பதே இத்தீர்ப்பின் பாடமாகும்.

சோதனை ஆட்டம்

முதல் மாதிரியைக் குறைந்த செலவில் செய்யலாம். வழக்கமான சீட்டின் அளவு 63 மி.மீ. × 88 மி.மீ. ஆகும். ஓர் ஏ4 தாளில் ஒன்பது சீட்டுகள் அடங்கும். வெட்டிய தாளைப் பழைய சீட்டுக்கட்டுடன் உறையில் இட்டால் பின்புறம் ஒரே மாதிரி இருக்கும், குலுக்கவும் எளிது. உருவாக்கியவர் விளக்கம் தராமல், விதித்தாளை மட்டும் கொடுத்துப் பிறரை ஆடச் செய்வது சிறந்த சோதனையாகும். கணினியில் தவறான செயலை இயந்திரம் தடுத்துவிடும். மேசையில் விதியின் தெளிவே அதனைத் தடுக்க வேண்டும்.

தமிழ்ச் சூழல்

அண்மைக் காலத்தில் தமிழர் வரலாறு இவ்வகைக் கணினி விளையாட்டுகளில் இடம்பெற்றுள்ளது. ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2 இன் 2022 விரிவாக்கத்தில் திராவிடர் நாகரிகமும் இராசேந்திர சோழனின் போர்த்தொடரும் சேர்க்கப்பட்டன. 2025 இல் வெளியான சிவிலைசேசன் 7 இல் சோழர் இடம்பெற்றனர். வரலாறு பொது உடைமை. எனவே சோழர் கடற்படையெடுப்பை மையமாகக் கொண்ட சீட்டு விளையாட்டை எவரும் உருவாக்கலாம். அவ்வாறு உருவாக்கும் மாணவர், கடல் கடந்த படைக்கு எத்தனை சுற்று உணவு தேவை, எந்தத் துறைமுகம் முதலில் தேவை எனக் கேட்க வேண்டியிருக்கும். விதியாக எழுத முயலும்போதே இக்கேள்விகள் எழுகின்றன.

இவற்றையும் பார்க்க

கஞ்சிபா
ஆடு புலி ஆட்டம்
சதுரங்கம்
பலகை விளையாட்டு
நிகழ்தகவு