சொட்டும் ஹீட்டர் யார் செலவு?

விடிகாலை நாலரை மணி. ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வாலாஜாபாத்தில் நாலு போர்ஷன் வீடு மொத்தமும் எழுந்துவிட்டது. மொட்டை மாடியில் இருப்பது ஒரே டேங்க். நாலு பாத்ரூமிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால், மேல் போர்ஷன்காரருக்கு ஷவரில் நூல் மாதிரிதான் தண்ணீர் இறங்கும். எரிச்சல் வருவது நியாயம். ஆனால் அந்த நூல் தண்ணீரில் எரிச்சலை விடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது.

டேங்கின் தண்ணீர் மட்டம் ஷவருக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்தளத்து பாத்ரூமுக்கு 2 மீட்டர் இருந்தாலே அதிகம். அதாவது வெறும் 0.2 பார். சுவரில் தொங்கும் சிறிய ஹீட்டர் பெரும்பாலும் 3 கிலோவாட். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் அது சூட்டை ஏறக்குறைய 21 டிகிரி கூட்டும். ஓட்டம் 1 லிட்டராகக் குறைந்தால் 43 டிகிரி. 28 டிகிரியில் இருந்த தண்ணீர் 70ஐத் தாண்டித் தலையில் விழும். ஒழுங்கான ஹீட்டரில் தெர்மோஸ்டாட் அதற்கு முன்பே கரண்டை நிறுத்திவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மலிவு ஹீட்டர் குழாயில் என்ன நடக்கும் என்பது செய்தவனுக்கே வெளிச்சம்.

அடுத்தது சொட்டு. ஹீட்டரை அணைத்த பிறகு ஷவர் முனையில் கொஞ்ச நேரம் சொட்டினால் பயப்பட வேண்டாம். உள்ளே தங்கிய மிச்சத் தண்ணீர்தான் வழிகிறது. ஹீட்டரின் அடிப்பெட்டியிலிருந்து சொட்டினால் கதை வேறு. போர் தண்ணீரின் உப்பு காயிலில் படிந்து, காயில் வெடித்து, தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் சந்தித்திருக்கலாம். அப்படியானால் குழாயைத் தொட்டால் விரல் லேசாகக் கூசும். "ஈரக் கை, அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். சுவிட்சை அணையுங்கள், எம்.சி.பி.யையும் இறக்குங்கள். பிளம்பருக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஆளை அல்ல. இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆளைக் காப்பது, கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. புதிய மின் இணைப்புக்கு இந்த வகைக் கருவி கட்டாயம் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. பழைய வீட்டுக்காரர்கள் இன்னும் மூன்றாவது பின்னில் எர்த் வயரே இல்லாமல் காலத்தை ஓட்டுகிறார்கள்.

சரி, யார் செலவு? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதற்குப் பட்டியலே போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, குழாய் வாஷர், கீசர் ரிப்பேர், சுவிட்ச், சாக்கெட் எல்லாம் குடியிருப்பவர் தலையில். பைப் மாற்றுவதும் வீட்டின் வயரிங்கும் ஓனர் பொறுப்பு. கீசர் ரிப்பேர் உங்களுடையது, அதன் எர்த் வயரிங் அவருடையது! ஓனர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. சண்டை முற்றி அவர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அங்கே உங்கள் வாதம் பலமாக இருக்கும்.

ஹீட்டரே புதுசு, வாங்கிய வேகத்தில் ஒழுகுகிறது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வழங்கும் மின்சாரத்திலேயே கோளாறு என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987.

அழுத்தத்துக்குக் குறுக்கு வழியாகப் பேரூராட்சிக் குழாயில் மோட்டார் வைப்பவர்கள் உண்டு. பிடித்தால் மோட்டார் போகும், இணைப்பும் போகும். அதற்கு முன்பே அந்த மோட்டார், உடைந்த குழாய் மூட்டு வழியாகச் சாக்கடைத் தண்ணீரையும் உறிஞ்சி எல்லோருக்கும் பங்கு வைத்துவிடும். அதற்குப் பதில், முதலில் ஷவர் தலையைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊற வையுங்கள். டேங்கிலிருந்து இறங்கும் பைப் அரை அங்குலம் என்றால் ஒரு அங்குலமாக மாற்றச் சொல்லுங்கள். அது ஓனர் பட்டியலில் இருக்கும் வேலை. வாயால் சொல்லாமல், எர்த் இல்லாத சாக்கெட்டின் போட்டோவையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும்.