உம்மம்மா ஏன் பாதியில் மூச்செடுக்கிறார்?

ஸுபஹுக்குப் பின் உம்மம்மா குர்ஆன் ஓதுவதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? முன்பு ஒரே மூச்சில் ஓதிய ஆயத்தை இப்போது இரண்டு இடத்தில் நிறுத்தி ஓதுகிறாரா? "வயது போய்விட்டது" என்று சொல்லிவிட்டு நாம் இடியப்பம் பிழியப் போய்விடுகிறோம்.

வயதுதான் காரணம். ஆனால் அது எங்கே கை வைக்கிறது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரம் போல ஒரு தசை இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரிமென்றகடு என்று படிப்பது இதைத்தான். இது கீழிறங்கினால் நுரையீரல் விரியும், காற்று உள்ளே வரும். நாளொன்றுக்குச் சுமார் 20,000 தடவை இந்த வேலை நடக்கிறது. நோயில்லாத முதியவர்களிடமும் இதன் பலம் இளையவர்களை விடச் சுமார் கால் பங்கு குறைந்திருப்பதை 1990களில் அளந்து கண்டார்கள். விலா எலும்புக் கூடும் இறுகிப் போவதால் அதே மூச்சுக்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். பலமாக இருமவும் முடியாது. சளி உள்ளே தங்கி நியூமோனியாவாக மாறுவது இப்படித்தான்.

இனி, விடுமுறைக்கு வேன் பிடித்து நுவரெலியா போகிறோமே, அதைப் பார்ப்போம். கந்தளாய் குளக்கட்டில் நின்று இழுக்கும் மூச்சும், 1,868 மீற்றர் உயரத்தில் இழுக்கும் மூச்சும் ஒன்றல்ல. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஈடுகட்ட வேகமாக மூச்சுவிட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் தசைக்கும் ஒட்சிசன் குறைவாகத்தான் கிடைக்கிறது, சீக்கிரம் களைத்துவிடும். திடமான முதியவர் சமாளித்துக் கொள்வார். நெஞ்சு நோய், இருதய நோய் உள்ளவரை டொக்டரிடம் கேட்காமல் ஏற்றிச் செல்லாதீர்கள்.

ஊரில் இருந்தாலும் நியூமோனியா, ஆஸ்துமா வந்தால் இதே கதைதான். எனக்குப் பெரிய பயம் வேறொன்று. ஒட்சிசன் குறைவதைக் கண்டு மூச்சை விரைவுபடுத்தும் உணர்வு, முதுமையில் மழுங்கிவிடுகிறது. "ஒன்றுமில்லை மகள்" என்றுதான் அவர் சொல்வார். 2020, 2021 கொரோனாக் காலத்தில் இதை எத்தனை வீடுகளில் பார்த்தோம்!

ஆகவே அவர் சொல்லுக்குக் காத்திராமல் நீங்களே பாருங்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 25 மூச்சுக்கு மேல் போகிறதா? கழுத்துத் தசை இழுபடுகிறதா? உதடு நீலம் பாய்கிறதா? புதிதாகத் தடுமாறிப் பேசுகிறாரா? விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இருந்தால் 95க்கு மேல் காட்டுவது நல்லது. 90க்குக் கீழே இறங்கினால் உடனே வைத்தியசாலை. நாட்பட்ட நெஞ்சு நோயாளிக்கு மட்டும் டொக்டர் வேறு அளவு சொல்லியிருக்கலாம். பெருநாளுக்கு இட்ட கறுத்த மருதோன்றியும் நகச்சாயமும் மானியைக் குழப்பக்கூடும். சாயமில்லாத விரலில் மாட்டுங்கள்.

இந்தத் தசையைப் பழக்கவும் முடியும். தினமும் முற்றத்தில் கொஞ்ச நடை, வயிறு எழும்ப ஆழ்ந்த மூச்சு, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிவிடுதல். விறகடுப்புப் பக்கம் அவரை உட்கார வைக்க வேண்டாம். மூச்சு முட்டினால் மல்லாக்கக் கிடத்தாமல் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அதற்குக் காசில்லை.