மிளகாய்க்கு வெயில், மூட்டைக்குப் பூனை!

வேலூர் வெயிலுக்குப் பேர் போன ஊர். அதை ஒட்டிய சத்துவாச்சாரி 2011-ம் ஆண்டு வேலூர் மாநகராட்சியில் சேர்ந்தது. ஆனாலும் பங்குனி, சித்திரை வந்தால் தாய்மார்களின் கவலை பழைய கவலைதான்!

புது மிளகாயும் புதுப் புளியும் சந்தைக்கு வரும் காலம் இது. வரத்து மிகுந்தால் விலை இறங்கும். ஓர் ஆண்டுக்கு வேண்டியதை அப்போதே வாங்கிக் காய வைத்தால் பணம் மிச்சம்.

ஆனால், கோடை மழையை நம்ப முடியாது. பகலெல்லாம் நெருப்பு வெயில். நிலம் கொதித்து, ஈரக்காற்று மேலே எழும்பும். மாலையில் திடீரென்று இடி, மழை!

நனைந்த மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகக்கூடிய ஒருவகை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சமைத்தாலும் முழுதும் போகாது. காசு போனாலும் அதைக் கொட்டிவிடுவதே நல்லது.

வீட்டுக்குள் அரிசி மூட்டைக்கு எலி பகை. அதற்குக் காவல் பூனை. மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதனின் அருகில் பூனையைப் புதைத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு!

மேகம் கறுத்தால் மிளகாயை அள்ள ஓடுங்கள். இரவில் மூட்டையைப் பூனை பார்த்துக்கொள்ளும்!