சுசீந்திரம் குளமும் சட்டத்தின் வளர்ச்சியும்

அரசாங்கத்தின் ஒழுங்குமுறை என்றதும் தடை, அபராதம், முள்வேலி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. சுசீந்திரம் குளத்தின் வரலாறு இக்கருத்தைத் திருத்துகின்றது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையோரத்தில் விரிந்து கிடக்கும் இக்குளம், வயலுக்கு நீர் தரவென மனிதர் வெட்டியது. நாரைகளும் கூழைக்கடாக்களும் பின்னர் வந்த விருந்தினரே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம் என்பவற்றையே பெரிதும் நம்பியது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும் நாஞ்சில் நாட்டுக்கு அவை பொருந்துவன அல்ல. 2002ஆம் ஆண்டின் திருத்தமோ, அரசுக்குரிய இடத்தை, அங்கு வாழும் மக்களைக் கலந்தாலோசித்தபின் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கலாம் என்றது. இவ்வகையில் சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் 2015இல் அறிவிக்கப்பட்டன. 2022இல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம், ஏறத்தாழ 94 ஹெக்டேர், ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றது.

இப்பெருமையைக் கேட்டு நாம் அமைதியடைந்துவிடலாகாது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்னும் இலக்கணத்திலிருந்தே விலக்குகின்றன. நாஞ்சில் நாட்டின் குளங்களோ பெரும்பாலும் அவ்வகையினவே. ஆகவே பட்டியலில் ஏறிய குளத்துக்கு ஒரு நிலை, அதே பறவை மறுநாள் சென்று இறங்கும் அடுத்த குளத்துக்கு வேறொரு நிலை. அக்குளத்தைக் காக்க, ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கான தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவையே துணை. அச்சட்டம் கரையையும் எல்லையையும் நோக்குகின்றதேயன்றி நீரில் வாழும் உயிரை நோக்கவில்லை.

ஒதுக்கிடத்தின் நிர்வாகக் குழு மேலும் சிந்திக்கத்தக்கது. வனத்துறையினர், கிராம ஊராட்சிப் பிரதிநிதிகள், வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்ட தொண்டு நிறுவனத்தார் மூவர், வேளாண்மை மற்றும் கால்நடைத் துறைகளிலிருந்து ஒவ்வொருவர் என்று சட்டம் வகுத்துள்ளது. சுசீந்திரமும் தேரூரும் பேரூராட்சிகள் என்பதை இங்கே நினைவிற்கொள்க. குழு ஆலோசனை கூறலாம், ஆணையிட இயலாது. எல்லாவற்றினும் மேலாக, மடையைத் திறப்பதும் அடைப்பதும் எவர் பொறுப்போ அந்த நீர்வளத் துறைக்கும், 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமையும் உழவர் சங்கத்துக்கும் அப்பட்டியலில் இடம் குறிக்கப்படவில்லை. கோடையில் குளத்தின் கடைசி முழ நீர் பயிருக்கா, பறவைக்கா என்னும் வழக்கு எழுமாயின், அதனைத் தீர்க்கவேண்டியவர்கள் ஒரே மேசையில் அமர இன்னும் சட்டம் வழிசெய்யவில்லை.