காலி வேலை: கணக்கில் வருவதும் வராததும்

தை பிறந்தால் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் சம்பா அறுவடை. அறுக்க ஆள் இல்லை, மிஷின் ஓட்ட டிரைவர் இல்லை என்பதே எங்கும் பேச்சு. அதே வீட்டில் படித்த பிள்ளை, கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். "ஆளும் இல்லை, வேலையும் இல்லை என்றால் எது ஐயா உண்மை?" என்று உழவர் கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர் கேட்டார். இரண்டும் உண்மைதான். விடை கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது.

கணக்கு எப்படி வருகிறது?

1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் முடிந்ததும் 30 நாளுக்குள் காலாண்டுக் கணக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் தனியாருக்கு விவசாய வேலையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலையும் விலக்கு. டிராக்டர் போன்ற பண்ணை இயந்திரம் ஓட்டும் வேலை மட்டும் விலக்கில் சேராது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இப்போது அதன் இடத்தில் உள்ளது. வரம்பு 20 பேர்.

ஆகவே நடவுக்கு நாலு ஆள் தேடும் சிறு உழவரின் தேவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிந்தோர் எண்ணிக்கையும் அப்படியே. படித்துக் கொண்டிருப்பவர், வேறு வேலை பார்ப்பவர் எல்லோரும் அதில் உண்டு. இரண்டையும் எதிரெதிரே வைத்து 'வேலையே இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போகும்.

2. பிற்பாடு பெற்ற தகுதிகளையும், ஓட்டுநர் உரிமத்தையும் பதிவில் சேர்க்க வேண்டும்.

3. கடிதத்தை மட்டும் நம்பியிராமல், வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் பிள்ளைகள் போக வேண்டும்.

4. டிராக்டர், அறுவடை இயந்திரம் ஓட்டும் பயிற்சி பற்றி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஊர்க் கணக்கு

அரசுப் பதிவேட்டில் இல்லாததை ஊரே எழுதலாம். எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, எத்தனை ஆள் குறைந்தது, என்ன கூலி கேட்டார்கள், மிஷினுக்கு எத்தனை நாள் காத்திருந்தோம் என்று உழவர் குழுவில் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு பருவம் எழுதினால் போதும். உங்கள் பிள்ளை மிஷின் ஓட்டப் பழகலாமா, ஊரில் அவனுக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். வரும் நடவின்போதே தொடங்குங்கள்.